எண்ணிக்கைச் சந்துகள்

கல்கத்தா
8 மார்ச் 1976

அன்புள்ள அக்காவுக்குத் தமயந்தி எழுதுவது. நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா, அத்தானுக்கு இருமல் விட்டதா, என் கோமதி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று விவரமாக எழுது.

ஒரு நல்ல சேதி. எங்கள் சுகாதார நிலையத்து நோட்டீஸ் போர்டில் போன வாரம் ஒரு தாள் ஒட்டினார்கள். ஆரம்ப சுகாதார வேலையில் இருக்கும் நர்சுகளும் இனி ஆராய்ச்சியில் பங்கு பெறலாம், விண்ணப்பம் போடலாம் என்று. இதுவரை ஆராய்ச்சி என்றால் டாக்டர்கள் பேசிக்கொள்வார்கள், நாங்கள் டீ கொண்டுவரச் சொல்லி அனுப்புவோம். பதினாலு பேர் விண்ணப்பம் போட்டோம். என்னையும், என்னோடு வேலை செய்யும் நர்ஸ் மினதியையும் எடுத்திருக்கிறார்கள். ஒரு வருஷம் முடித்துக் கொடுத்தால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் சால்ட் லேக்கில் அரசாங்க வீடு கேட்கலாம்.

வீடு, அக்கா! ஹாஸ்டலில் குழந்தைகளுக்கு இடமில்லை என்றுதானே அவளை உன்னிடம் விட்டேன். அவர் இறந்த மூன்றாம் மாதம் அது. இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அடுத்த கோடையில் வந்து அவளை அழைத்துக்கொள்வேன்.

வேலை இதுதான். காளிகாட் கோயிலுக்குப் பின்னால் ஆதிகங்கைக் கால்வாய் ஓரம் குடிசைகள் நெருங்கிய பஸ்தி இருக்கிறதல்லவா, அங்கே பதினோரு சந்துகள். ஆறு சந்துகளில் மினதி வீடுவீடாகப் போய், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுக்கத் தாய்மார்களுக்குச் சொல்லித்தருவாள், பொட்டலமும் கொடுப்பாள். மீதி ஐந்து சந்துகளில் எதுவும் சொல்லித்தருவதில்லை. யாருக்கு எப்போது வந்தது, எப்படி முடிந்தது என்று எழுத மட்டும் வேண்டும். கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சீட்டுக் குலுக்கினார்கள், எனக்கு அந்த ஐந்து சந்து. சுலபமான வேலை.

அன்புத் தங்கை,
தமயந்தி


கோவில்பட்டி
21 மார்ச் 1976

அன்புள்ள தமயந்திக்கு நாகலக்ஷ்மி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உடம்பைப் பார்த்துக்கொள். ஹாஸ்டல் சாப்பாடு இன்னும் கடுகெண்ணெய் நாற்றம்தானா? நாம் கரக்பூரில் வளர்ந்தும் உனக்கு மட்டும் அது கடைசிவரை பிடிக்கவில்லை.

உன் சேதி கேட்டு அத்தானுக்கு ரொம்பச் சந்தோஷம். தெருவெல்லாம் சொல்லிவிட்டார். கோமதி நன்றாக இருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பால்வாடிக்குப் போகிறாள். அ, ஆ எழுத வருகிறது. அங்கே போனால் வங்காளி எழுத்தல்லவா படிக்க வேண்டும்? கல்கத்தா ஈரம் அவள் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளுமா என்றும் யோசனையாக இருக்கிறது. ஒரு வருஷம் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்
அக்கா


கல்கத்தா
25 ஏப்ரல் 1976

அன்புள்ள அக்காவுக்கு, நான் நலம். இங்கே வெயில் தார் ரோட்டை இளக்குகிறது. நீயும் அத்தானும் குழந்தையும் வெயிலில் அலையாதீர்கள்.

என் ஐந்து சந்துகளில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். வாரம் ஒரு முறை எல்லா வாசலையும் மிதிக்கிறேன். பெயர்கள் மனப்பாடம் ஆகிவிட்டன. மூன்றாம் சந்தில் ஷெஃபாலி என்று ஒருத்தி, இருபது வயதுகூட இருக்காது. புருஷன் ரிக்‌ஷா இழுக்கிறான். பையன் பாப்லுவுக்கு ஒன்றரை வயது. நான் போனால் என் நோட்டுப் புத்தகத்தின் மேல் உட்கார்ந்துகொள்வான், எழுந்திருக்க மாட்டான்.

இங்கே நர்சுகளை அக்கா முறை வைத்துத் தீதி என்பார்கள். நேற்று ஷெஃபாலி கேட்டாள்: "தீதி, பக்கத்துச் சந்துக்கு வர்ற தீதி ஏதோ பொட்டலம் குடுக்கிறாங்களாமே? நீங்க ஏன் எழுதிக்கிட்டு மட்டும் போறீங்க?"

"எனக்குக் குடுத்த வேலை அவ்வளவுதான்" என்றேன். சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கோமதிக்குக் கவுன் தைக்கிறேன். தோளிலிருந்து முழங்கால் வரை அளந்து எழுது. நான் விட்டுவந்த அளவு இனி உதவாது.

தமயந்தி


கல்கத்தா
12 ஜூன் 1976

அன்புள்ள அக்காவுக்கு, எல்லோரும் நலமென்று நம்புகிறேன். அளவு எழுதி அனுப்பியதற்கு நன்றி. இவ்வளவு வளர்ந்துவிட்டாளா!

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஷெஃபாலி வீட்டுக்குப் போனேன். பாப்லு பாயில் கிடந்தான். விடிந்ததிலிருந்து ஒன்பது தடவை போயிருக்கிறது. கண் குழிந்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளினேன், கிள்ளியது அப்படியே நின்றது. நோட்டில் நேரம் எழுதினேன், எத்தனை தடவை என்று எழுதினேன். "உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ" என்றேன். எங்களுக்கு அனுமதித்த ஒரே வார்த்தை அதுதான்.

"அவர் வண்டியோட போயிட்டார் தீதி. அதுவரைக்கும் என்ன குடுக்கட்டும்?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை, அக்கா. "சீக்கிரம் போ" என்று மறுபடியும் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

அன்று மழை பிடித்துக்கொண்டது. தெருவில் முழங்கால் தண்ணீர், டிராம் நின்றுவிட்டது. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போயிருக்கிறாள். ஆஸ்பத்திரி வாசலில் ஏறும்போது மணி மூன்று. அப்போதே உயிர் இல்லை.

மறுநாள் நோட்டில் அவன் பெயருக்கு எதிரே, எப்படி முடிந்தது என்ற கடைசிக் கட்டத்தில் எழுத வேண்டியதை எழுதினேன்.

ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் லாஹிரியிடம் போய் அழுதேன். அவர் கெட்டவரில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். "தமயந்தி, இந்த ஆராய்ச்சியே இல்லைன்னா பதினோரு சந்துக்கும் ஒண்ணும் கிடைச்சிருக்காது. வித்தியாசத்தைக் காட்டினாத்தான் எல்லா ஊருக்கும் இதைக் கொண்டுபோக முடியும். அதுவரைக்கும் நீ எண்ணத்தான் வேணும்" என்றார்.

பொட்டலத்தில் அப்படி என்ன இருக்கிறது என்கிறாய்? மாய மருந்து ஒன்றுமில்லை. அது இல்லாவிட்டால் வீட்டிலேயே கலக்கலாம். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலை தட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. நாக்கில் வைத்தால் கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக் கூடாது. வாந்தி எடுத்தாலும் நிறுத்தாமல், கொஞ்சம் பொறுத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான். அவள் வீட்டு அடுப்படியில் எல்லாமே இருந்தது.

உடனே பதில் எழுது.

தமயந்தி


கல்கத்தா
12 ஜூலை 1976

அன்புள்ள அக்காவுக்கு, ஒரு மாதமாக உன் கடிதம் இல்லை. உனக்கு உடம்புக்கு என்ன? அத்தான் சுகமா? கோமதி எப்படி இருக்கிறாள்? நான் எழுதியதைப் படித்து என் மேல் வெறுப்பா? வெறுத்தாலும் ஒரு கார்டில் இரண்டு வரி எழுது.

வேலை நடக்கிறது. என் சந்துகளில் இன்னும் இரண்டு குழந்தைகளுக்கு அந்தக் கடைசிக் கட்டம் பாப்லுவுக்குப்போலவே நிரம்பிவிட்டது. மினதியின் ஆறு சந்துகளில் ஒன்றுகூட இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

தமயந்தி


கோவில்பட்டி
26 ஜூலை 1976

அன்புள்ள தமயந்திக்கு, இப்போது இங்கே எல்லோரும் நலம். அந்த "இப்போது" என்ற வார்த்தையைப் பார்த்துப் பயப்படாதே. முழுவதும் படி.

ஜூன் கடைசியில் அம்மன் கொடைக்கு அத்தான் ஊருக்குப் போயிருந்தோம். இரண்டாம் நாள் காலையில் கோமதிக்கு ஆரம்பித்தது. எட்டு மணிக்குள் ஆறு தடவை. வாந்தி வேறு. அந்த ஊருக்கு பஸ் சாயங்காலம் நாலு மணிக்குத்தான். அத்தான் வண்டிமாடு கேட்டு ஓடினார், எல்லாம் திருவிழாச் சாமான் ஏற்றப் போய்விட்டது. கோமதி என் மடியில் துவண்டு கிடந்தாள். கூப்பிட்டால் கண்ணைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டாள். உன் கடிதத்தில் எழுதியிருந்தாயே, தோலைக் கிள்ளினால் நிற்கும் என்று. கிள்ளிப் பார்த்தேன். நின்றது.

உன் எழுத்து அப்படியே கண்ணுக்குள் இருந்தது. தண்ணீர் கொதிக்கவைத்து ஆற்றினேன். ஆறு டீஸ்பூன், அரை டீஸ்பூன். நாக்கில் வைத்துப் பார்த்தேன். மாமியார் "போகிற வயிற்றுக்குத் தண்ணியா குடுக்கே, பிள்ளையக் கொல்லப் போறியா" என்று சத்தம் போட்டார். அவரைத் தள்ளிவிட்டுக் கொடுத்தேன். வாந்தி எடுத்தாள். மறுபடி கொடுத்தேன். காலையிலிருந்து ஒன்றுக்கே போகாதவள், மத்தியானம் ஒன்றரை மணிக்கு என் சேலையில் ஒன்றுக்குப் போனாள். அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்து நான் அழுத அழுகை கொடைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டிருக்கும். பஸ் வந்தபோது "முறுக்கு வேணும்" என்று கேட்டாள்.

உன் கடிதம்தான் உன் பிள்ளையைக் காப்பாற்றியது, தமயந்தி.

உடனே எழுதாதது என் தப்பு. நீ பதறுவாய் என்று விட்டுவிட்டேன்.

அக்கா


கல்கத்தா
4 ஆகஸ்ட் 1976

அக்கா, நீ சுகம், குழந்தை சுகம். அது போதும் எனக்கு. நீ செய்ததற்கு என்ன சொல்வேன்? உன் காலைப் பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

உன் கடிதத்தை நிலையத்து மாடிப்படியில் நின்றபடியே படித்தேன். முதலில் கோமதி பிழைத்தாள் என்பது மட்டும்தான் மண்டையில் ஏறியது. இரண்டாம் தடவை படித்தபோதுதான் மற்றது உறைத்தது. இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டில் ஒருத்திக்கும் சொல்லக் கூடாது என்று வாயைக் கட்டியிருந்தவள், உனக்கு டீஸ்பூன் கணக்கோடு எழுதியிருக்கிறேன். எழுதும்போது அது விதியை மீறுவது என்றுகூடத் தோன்றவில்லை. நீ என் அக்கா, அவ்வளவுதான். என் பிள்ளைக்கு நான் சொல்லிவிட்டேன்.

அன்று மத்தியானமே தொடங்கினேன். நாலு நாள். ஒவ்வொரு வாசலிலும் தாய்மார்களை உட்கார வைத்து, அவர்கள் கையாலேயே கலக்கச் செய்து, அவர்கள் நாக்கிலேயே வைக்கச் செய்தேன். ஒரு கிழவி, "தீதிக்கு இன்னைக்குத்தான் வாய் வந்திருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

எதையும் மறைக்கவில்லை. நோட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே தேதி போட்டு "சொல்லிக்கொடுத்தேன்" என்று எழுதினேன். நாளை டாக்டர் லாஹிரியிடம் கொடுக்கிறேன்.

கவலைப்படும்படி ஒன்றுமில்லை. கோமதிக்கு முறுக்கு வாங்கிக் கொடு.

தமயந்தி


கோவில்பட்டி
20 ஆகஸ்ட் 1976

அன்புள்ள தமயந்திக்கு, நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்பதைத்தான் உன் கடிதத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

டாக்டர் என்ன சொன்னார்? வேலைக்கு ஆபத்து இல்லையே? வீடு கிடைக்குமா? அத்தான் தினமும் கேட்கிறார். எதற்கும் கோமதியை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டோம். படிப்பு வீணாக வேண்டாமே என்றுதான்.

இன்னொன்று. எல்லா வீட்டையும் பற்றி எழுதினாய், கிழவியைக்கூட எழுதினாய். ஷெஃபாலி வீட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அங்கே போனாயா?

அக்கா


கோவில்பட்டி
8 அக்டோபர் 1976

தமயந்திக்கு, உனக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று அம்மனைக் கும்பிட்டுக்கொண்டே எழுதுகிறேன். செப்டம்பரில் ஹாஸ்டல் விலாசத்துக்கு அனுப்பிய இரண்டு கடிதமும் "இங்கே இல்லை" என்று எழுதித் திரும்பி வந்துவிட்டன. மினதியின் பெயர் நினைவிருந்தது. சுகாதார நிலையத்து விலாசத்தில் அவளுக்கு எழுதிய கவருக்குள் இதை வைத்து அனுப்புகிறேன். எங்கே இருக்கிறாய்? உயிரோடு இருக்கிறாய் என்று மட்டுமாவது எழுது.

அக்கா


காளிகாட், கல்கத்தா
25 அக்டோபர் 1976

அன்புள்ள அக்காவுக்கு, உயிரோடு இருக்கிறேன். மினதி உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். உனக்குக் கஷ்டம் கொடுத்துவிட்டேன். நீயும் அத்தானும் சுகம்தானே?

ஆகஸ்ட் கடைசியோடு என் வேலை முடிந்தது. ஹாஸ்டலும் போயிற்று. இப்போது அலிப்பூர் பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் பகல் டியூட்டி. காளிகாட்டில் ஒரு அறை, ஒரு ஜன்னல், எட்டுக் குடித்தனத்துக்கு ஒரு குழாய். சால்ட் லேக் இனி இல்லை.

டாக்டர் லாஹிரி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என் நோட்டை முழுவதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "உன் அஞ்சு சந்தும் இனி எனக்கு உதவாது. மறுபடி வேற இடம் பார்த்து முதல்லருந்து ஆரம்பிக்கணும். ஒரு வருஷம் தள்ளிப்போச்சு. அந்த ஒரு வருஷத்துல எத்தனை ஊர்ல எத்தனை குழந்தைங்க, அதை எந்த நோட்டுல எழுதுவே?" என்றார். "நீ செஞ்சது தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. ஆனா உன்னை வெச்சுக்கவும் முடியாது" என்றார். அவர் சொன்னதும் சரி என்றுதான் படுகிறது. பாப்லுவை நினைத்தால் சரியில்லை என்று படுகிறது. இரண்டுக்கும் நடுவில் கிடந்து சாகிறேன்.

ஷெஃபாலியைப் பற்றிக் கேட்டாய். போனேன், அக்கா. கடைசி வீடாக. நாலாம் நாள் சாயங்காலம். அவளுக்கு இனி சொல்லித்தந்து என்ன ஆகும் என்று திரும்பிவிடலாம் என்றும் பார்த்தேன். அவள்தான் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டில் நான் சொன்னதையெல்லாம் கேட்டிருக்கிறாள். தன் வீட்டு உப்பையும் சர்க்கரையும் எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். "இதானா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"இது உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா தீதி?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். "தெரியும்" என்றேன்.

அவள் கத்தவில்லை, அடிக்கவில்லை. உப்பு டப்பாவை மூடினாள். சர்க்கரை டப்பாவை மூடினாள். இரண்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்புறம் ஒரு தடவை மீன் கடையில் எதிரே பார்த்தேன். யாரோ தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனாள்.

ஆகவே, அக்கா, நான் தீர்மானித்துவிட்டேன். கோமதியை நீயே வைத்துக்கொள். ஒரு தாய் என் முகத்தைப் பார்த்துக் கேட்டபோது தெரிந்தே வாயைத் திறக்காமல் நின்றவள் நான். எனக்கு எதற்குப் பிள்ளை? அவளைக் காப்பாற்றியவள் நீ. உன்னையே அம்மா என்று கூப்பிடச் சொல். என்னை ஒரு சித்தி என்று சொல்லி வை. தைத்த கவுனை மட்டும் அனுப்புகிறேன்.

தமயந்தி


கோவில்பட்டி
9 நவம்பர் 1976

அன்புள்ள தமயந்திக்கு உன் அக்கா எழுதுவது. அத்தான் சுகம். கோமதி சுகம், கவுனைக் கழற்றவே மாட்டேன் என்கிறாள். நான் சுகமில்லை. நோய் ஒன்றுமில்லை, மனசுதான்.

"நீயே வைத்துக்கொள்" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடிதத்தை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு போய்ப் பிள்ளையைக் கட்டிக்கொண்டேன். நீ வேலை போய், இருக்க இடம் போய் அழுது எழுதிய கடிதம் அது.

வீடு கிடைக்கும் என்று மார்ச்சில் நீ எழுதிய நாளிலிருந்தே அது கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அவள் என்னை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. ஒரு நாளும் திருத்தவில்லை, உனக்கு எழுதவும் இல்லை. அவளுக்கு உடம்பு சரியில்லாததை ஒரு மாதம் மறைத்ததும் நீ பதறுவாய் என்று இல்லை. தெரிந்தால் ஓடிவந்து தூக்கிக்கொண்டு போய்விடுவாய் என்றுதான். பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் அதற்குத்தான். இத்தனை வருஷம் பிள்ளையில்லாமல் இருந்தவளுக்கு அப்படித்தான் புத்தி போயிற்று.

ஷெஃபாலியைப் பற்றி உனக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. அவள் மன்னிப்பாள் என்று சொன்னால் அது பொய். அது அவள் பாடு, அவள் பிள்ளை. நீ அதைச் சுமந்துதான் ஆக வேண்டும். ஆனால் அதற்காக அம்மாவை இழக்க கோமதி என்ன தப்புச் செய்தாள்?

முந்தாநாள் அவளை உட்கார வைத்துச் சொன்னேன். "உன்னைப் பெத்த அம்மா கல்கத்தாவில இருக்கா. நான் உனக்குப் பெரியம்மா." என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த அம்மாவுக்கு முறுக்கு பிடிக்குமா?" என்று கேட்டாள். பிடிக்கும் என்றேன். அப்புறம் விளையாடப் போய்விட்டாள். நான்தான் எழுந்திருக்க முடியாமல் அங்கேயே இருந்தேன்.

அத்தான் டிக்கெட் எடுத்துவிட்டார். அவருக்கு லீவு இல்லை. நானும் அவளும் எழும்பூரில் இறங்கி, சென்ட்ரல் போய், ஹௌரா மெயில் ஏறுகிறோம். இருபத்தாறாம் தேதி, வெள்ளிக்கிழமை ஹௌரா. ஒரு அறை என்று எழுதியிருந்தாய். மூன்று பேர் படுக்க ஒரு அறை போதும். தைப் பொங்கல் வரை இருப்பேன், அதற்குள் அவளுக்கு உன்னிடம் பழகிவிடும். குழாயடியில் சண்டை போட நான் இருக்கிறேன், எனக்கு வங்காளி மறக்கவில்லை. பொங்கல் கழித்து நான் மட்டும் திரும்புவேன்.

நீ பிளாட்பாரத்துக்கு வந்துவிடு. இறங்கியவுடன் அவளைத் தூக்க வராதே. கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். அவசரப்படுத்தாதே, தமயந்தி. கையை விடுவதற்கு எனக்கும் கொஞ்ச நேரம் வேண்டும்.

உன் அக்கா,
நாகலக்ஷ்மி